கூலி, ஊதியம், உழைப்பு: பல்லடம் – திருப்பூர் ஆடைத் தொழிற்பகுதியின் பணியிட அறிவிப்புகளில் மொழிபெயர்ப்பு நிகர்மை

ஆய்வுச்சுருக்கம்

ஏற்றுமதி ஆடைத் தொழிலில் பின்பற்றப்படும் பன்னாட்டு நெறித்தொகுப்புகள் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்பட்டு, பல்லடம், திருப்பூர் வட்டாரத் தொழிலகங்களின் சுவர்களில் இடம்பெறுகின்றன. இத்தமிழாக்கத்தில் எழும் நிகர்மைச் சிக்கல் கலைச்சொற் பற்றாக்குறையால் விளைவதன்று. வினைமுற்று, தன்மைப் பன்மை, மரியாதை ஒருமை ஆகிய இலக்கணக் கூறுகளிலும், வட்டாரத் தொழில் வழக்குகளின் பொருட்பரப்பிலும் அது வேர்கொண்டுள்ளது. இந்தோனேசிய மொழியில் இதே வகைப் பனுவல்கள் எதிர்கொள்ளும் தெரிவுகள் ஒப்புநோக்கப்பட்டு, தொழிலாளி தம் உரிமையைக் கேட்பதற்கு அத்தமிழ்த் தொடர் பயன்படுமா என்பதே நிகர்மையின் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: நிகர்மை, கூலி, வாழ்வூதியம், செயப்பாட்டு வினை, வியங்கோள், நாம் – நாங்கள், பவர்டேபிள், பல்லடம்.

புரியும் மொழி என்னும் நிபந்தனை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொழிலகங்களில் வைக்கப்பட வேண்டிய அறிவிப்புகளைப் பற்றி 108ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை விதித்தது. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அத்தொழிலகத்தின் தொழிலாளருள் பெரும்பான்மையோர் புரிந்துகொள்ளும் ஒரு மொழியிலும் இருத்தல் வேண்டும் என்பது அது. மாநில மொழி என்றோ ஆட்சிமொழி என்றோ அப்பிரிவு கூறவில்லை. யூஜின் நைடா 1964இல் வடிவ நிகர்மை, இயங்கு நிகர்மை என்னும் பாகுபாட்டை முன்வைப்பதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு தொழிற்சட்டம் பெறுநரின் புரிதலை மொழிபெயர்ப்பின் நிபந்தனையாக ஆக்கியிருந்தது. ஆயினும் தமிழ் மொழிபெயர்ப்பாய்வு இலக்கிய, சமய, அறிவியல் நூல்களுக்குக் காட்டிய அக்கறையை இச்சுவர்ப் பனுவல்களுக்குக் காட்டியதில்லை.

கோவை – திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள பல்லடம் இதற்கு ஏற்ற களம். 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை கோவை மாவட்டத்தில் இருந்த இவ்வட்டத்தில் காடா துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்கள், நூற்பாலைகள், நெசவுப் பூங்கா, கறிக்கோழிப் பண்ணைகள் ஆகியன அடுத்தடுத்து அமைந்துள்ளன. வடக்கே சில கல் தொலைவில் திருப்பூரின் பனியன் கம்பெனிகள். ஒரே குடும்பத்தில் ஒருவர் தறிக்கும், ஒருவர் மில்லுக்கும், ஒருவர் கம்பெனிக்கும் செல்வது இங்கு இயல்பு. ஆதலின் ஒரே ஆங்கிலச் சொல்லின் தமிழாக்கம் ஒரே வீட்டில் மூன்று பொருள் பெறக்கூடும்.

1990களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டு வணிக நிறுவனங்கள் தமக்கு ஆடை தைத்து அனுப்பும் தொழிலகங்கள் சில நெறிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் எனக் கோரத் தொடங்கின. 1997இல் எஸ்.ஏ. 8000 என்னும் தரநிலையும், 1998இல் பிரித்தானியாவில் எதிக்கல் டிரேடிங் இனிஷியேடிவ் (இ.டி.ஐ.) என்னும் அமைப்பும் தோன்றின. இ.டி.ஐ.யின் அடிப்படை நெறித்தொகுப்பு ஒன்பது விதிகளைக் கொண்டது. வேலையைத் தன்விருப்பில் தேர்தல், சங்கம் சேரும் உரிமை, பாதுகாப்பான பணிச்சூழல், குழந்தைத் தொழிலாளர் இன்மை, வாழ்வூதியம், அளவுக்கு மிஞ்சாத பணிநேரம், பாகுபாடின்மை, நிலையான வேலை, கடுமையாக நடத்தாமை ஆகியன அவை. கீழ்வரும் ஆய்வு பெரும்பாலும் இவ்வொன்பதையே மூலமாகக் கொள்கிறது.

கூலி என்னும் சொல்லின் மூன்று முகங்கள்

‘வேஜ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் கூலி, சம்பளம், ஊதியம் என மூன்று நிகரன்கள் உண்டு. அகராதி இம்மூன்றையும் ஒருபொருட் பன்மொழியாகத் தரும். 1948ஆம் ஆண்டுச் சட்டமே ‘குறைந்தபட்ச கூலிச் சட்டம்’ என்றும் ‘குறைந்தபட்ச ஊதியச் சட்டம்’ என்றும் இரு பெயரால் வழங்குகிறது. பல்லடத்தின் தொழில் வழக்கு இவற்றைத் தெளிவாகப் பிரித்து வைத்துள்ளது.

இவ்வட்டாரத்தின் விசைத்தறியாளர் பலர் சொந்தமாக நூல் வாங்கி நெய்வோர் அல்லர். ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் தருவார். தறி உரிமையாளர் துணியாக நெய்து மீட்டர்க் கணக்கில் தொகை பெறுவார். அத்தொகையின் பெயர் கூலி. 2022இன் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றபோது செய்தித்தாள்கள் அதனைக் ‘கூலி உயர்வு’க்கான வேலைநிறுத்தம் என்றே எழுதின. வெளியூர் வாசகருக்கு அது தொழிலாளர் போராட்டமாகத் தோன்றியிருக்கும். உண்மையில் நின்றவர்கள் தறிகளின் உரிமையாளர்கள். தறியில் நிற்கும் தொழிலாளி பெறுவது அக்கூலியிலிருந்து பிரித்துத் தரப்படும் இன்னொரு தொகை. இதே வட்டத்தின் கறிக்கோழிப் பண்ணையாளரும் குஞ்சும் தீவனமும் தரும் நிறுவனத்திடமிருந்து பெறும் தொகையை ‘வளர்ப்புக் கூலி’ என்கின்றனர். கூலி என்பது இங்கு ஒப்பந்தப் பணிக்கான கட்டணம். அதைப் பெறுபவர் நிலமும் கட்டடமும் எந்திரமும் உடையவராக இருக்கலாம்.

எனவே நெறித்தொகுப்பின் ஐந்தாம் விதியில் கூலி என்னும் சொல்லை இடும் மொழிபெயர்ப்பாளர், விசைத்தறிப் பகுதியில் அவ்விதியின் பயனாளியையே மாற்றிவிடுகிறார். ஊதியம் என்னும் சொல் இக்குழப்பத்தைத் தவிர்க்கும். ஆனால் அது அரசு அலுவலகச் சொல். திருப்பூரில் சனிக்கிழமை தோறும் கைக்கு வருவது சம்பளமே. எழுதுவதற்கு எளிதாகவும் கேட்பதற்கு எடுப்பாகவும் இருப்பதால் ஊதியம் வெல்கிறது. தொழிலாளி தம் உறையில் உள்ள பணத்திற்கும் சுவரில் உள்ள சொல்லுக்கும் தொடர்பு காண்பதில்லை.

கூலிக்கு மூன்றாம் முகமும் உண்டு. ஆங்கிலத்தின் ‘கூலி’யும் இந்தோனேசிய மொழியின் ‘குலி’யும் ஆளைக் குறிக்கும். தமிழின் கூலியிலிருந்து அவை பிறந்தன என்போரும், குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரிலிருந்து வந்தன என்போரும் உளர். எவ்வாறாயினும், 1880இல் டச்சு ஆட்சி கிழக்குச் சுமத்திராவின் தோட்டங்களுக்கு இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே இச்சொல் இருந்தது. ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளிக்குக் குற்றத் தண்டனை உண்டு என்றது அச்சட்டம். அத்தோட்டங்களில் தமிழரும் வேலை செய்தனர். விலையைக் குறித்த சொல் ஆளைக் குறிப்பதாகி, இழிவுப் பொருளுடன் தமிழுக்கே திரும்பியும் வந்துள்ளது. பல்லடத்துப் பண்ணை உரிமையாளர் கூசாமல் சொல்லும் ‘கூலி’யைத் தையல் தொழிலாளி கூசும் நிலை இதனால் விளைந்தது.

தொழிலாளியைக் குறிக்கும் பெயரிலும் இதே இழுபறி உள்ளது. கூலியாள், தொழிலாளி, பணியாளர், ஊழியர் என்னும் வரிசையில் ஒவ்வொன்றும் ஒரு அரசியலைச் சுமந்துள்ளது. இந்தோனேசிய மொழியில் ‘புரு’ என்பது சங்கப் போராட்ட மரபின் சொல். சுகார்த்தோ ஆட்சி அதனை ஒதுக்கி ‘கார்யாவான்’, ‘பெக்கெர்ஜா’ முதலிய சொற்களை முன்னிறுத்தியது. 2003ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டம் இவ்வழக்கைத் தீர்க்க இயலாமல் ‘பெக்கெர்ஜா/புரு’ என்று இரண்டையும் சாய்கோட்டால் இணைத்தே எழுதியது. நிகரன் ஒன்றைத் தெரிவு செய்ய மறுப்பதும் நேர்மையான மொழிபெயர்ப்பாக இருக்கலாம் என்பதற்கு அச்சாய்கோடு சான்று. தமிழில் அத்தகைய தயக்கம் காணப்படுவதில்லை. நிர்வாகத்தின் மொழியாகிய ‘பணியாளர்’ எளிதாக இடம் பிடித்துவிடுகிறது.

‘வாழ்வூதியம்’ என்னும் கலைச்சொல்லுக்கும் ஒரு சொல். இந்திய அரசமைப்பின் 43ஆம் உறுப்பு இக்கருத்தை ஏற்றது; 1949இல் அறிக்கையளித்த நியாய ஊதியக் குழு, குறைந்தபட்ச ஊதியம், நியாய ஊதியம், வாழ்வூதியம் என மூன்று படிநிலைகளை வகுத்தது. சொல் அழகானது, திருப்பூர் வழக்கில் அதற்கு உறவில்லை. மாறாக, 1984இல் 127 நாள் நீடித்த பனியன் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் மையச்சொல்லான ‘பஞ்சப்படி’க்கு இங்கு நினைவும் உணர்வும் உண்டு. அலுவலகத் தமிழ் ‘அகவிலைப்படி’ என்பதையே சங்கத் தமிழ் பஞ்சப்படி என்றது. விலையேற்றத்தைப் பஞ்சத்தோடு சேர்த்துச் சொன்ன அச்சொல், எதற்காகப் பணம் கேட்கப்படுகிறது என்பதையும் உடன் சொல்லிவிடுகிறது. அடிப்படைத் தேவைகளை நிறைவு செய்து, விருப்பம்போல் செலவிடச் சிறிது எஞ்சவும் வேண்டும் என்பது ஐந்தாம் விதியின் கருத்து. இதில் பின்பகுதியை ‘விருப்புரிமை வருவாய்’ என்று பெயர்த்தால் பொருளே இல்லை. ‘செலவு போகக் கையில் கொஞ்சம் நிற்க வேண்டும்’ என்பது எந்த அகராதியிலும் இல்லாத, யாருக்கும் விளங்கும் நிகரன்.

சுவரின் இலக்கணம்

சொல்லைக் காட்டிலும் வினைமுற்றே இப்பனுவல்களின் முதன்மைச் சிக்கல். நெறித்தொகுப்பின் விதித்தலைப்புகள் ஆங்கிலத்தில் நிகழ்காலச் செயப்பாட்டு வினையில் அமைந்துள்ளன. அவ்வடிவம் ஒரே நேரத்தில் உள்ளதைக் கூறும், உறுதியளிக்கும், விதிக்கும். தமிழில் இம்மூன்றையும் ஒரு வினைமுற்றில் அடக்க இயலாது. வாழ்வூதியம் ‘வழங்கப்படுகிறது’ என்றால் அது செய்தி; ‘வழங்கப்படும்’ என்றால் வாக்குறுதி அல்லது வழக்கம்; ‘வழங்கப்பட வேண்டும்’ என்றால் விதி. கேட்ஃபோர்டு 1965இல் விளக்கிய இலக்கணப் பெயர்ச்சிகள் மொழிபெயர்ப்பில் தவிர்க்க இயலாதவை. இங்கு எந்தப் பெயர்ச்சி தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு கடமை உருவாகிறது அல்லது மறைகிறது.

மூன்றனுள் ‘வழங்கப்படும்’ என்பதற்கே ஈர்ப்பு மிகுதி. மேலோட்டமாக அது மூலத்திற்கு நெருக்கமானது. பெருமிதமான தொனியும் உடையது. ஆனால் தமிழ்நாட்டின் தெருக்களில் அவ்வினைமுற்றுக்கு வேறொரு வாழ்க்கை உண்டு. ‘தையல் கற்றுத்தரப்படும்’, ‘நல்ல சம்பளம் வழங்கப்படும்’, ‘தங்கும் வசதி செய்துதரப்படும்’ என்று விளம்பரப் பலகைகள் பேசுவது அதே இலக்கணத்தில். திருப்பூரின் சுவர்களில் டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை என்னும் சுவரொட்டிகளைக் காணாத நாளில்லை. நெறித்தொகுப்பின் விதி அதே வினைமுற்றில் நிற்கும்போது வாசகர் அதனை விளம்பரமாகவே படிப்பார். விளம்பரத்தின்மீது வழக்குத் தொடர எவரும் நினைப்பதில்லை.

எதிர்மறையிலும் இதுவே நிலை. ‘இங்குக் குழந்தைத் தொழிலாளர்கள் பணியமர்த்தப்படுவதில்லை’ என்னும் பலகை தமிழ்நாட்டின் கடைகளிலும் தொழிலகங்களிலும் பரவலாகக் காணக்கூடியது. ‘பணியமர்த்தக் கூடாது’ என்னும் விலக்கு அங்கே ‘பணியமர்த்தப்படுவதில்லை’ என்னும் செய்தியாகியுள்ளது. இப்பலகை யாரை நோக்கிப் பேசுகிறது? பன்னிரண்டு வயதுச் சிறுவனையோ அவன் பெற்றோரையோ நோக்கி அன்று. அது ஆய்வாளருக்கும் வெளிநாட்டு வணிகரின் பிரதிநிதிக்கும் அளிக்கப்பட்ட சாட்சியம். ரைஸ், ஃபெர்மீர் ஆகியோர் 1984இல் வகுத்த நோக்கக் கோட்பாட்டின்படி பார்த்தால் இம்மொழிபெயர்ப்பு தன் நோக்கத்தைத் துல்லியமாக நிறைவேற்றுகிறது. நோக்கக் கோட்பாட்டின் போதாமையும் இங்கேதான் வெளிப்படுகிறது. மொழிபெயர்ப்பைப் பணிப்பவரின் நோக்கமும் பனுவல் காக்க வேண்டியவரின் நலனும் வேறாகும்போது, பணிப்பவரின் நோக்கமே அளவுகோல் என்பது ஏற்கத்தக்கதாக இல்லை.

‘கைகளைக் கழுவவும்’, ‘முகக்கவசம் அணியவும்’ என்பன போன்ற ‘-உம்’ ஈற்று அறிவிப்புகள் இதனோடு ஒப்பிடத்தக்கவை. இவை இன்றைய தமிழின் வியங்கோள் எனலாம். இருதிணை ஐம்பால் மூவிடங்களுக்கும் பொதுவாக நிற்கும் வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் ஆகிய பொருள்களை மரபிலக்கணம் கூறும். தொழிலாளியின் கடமைகள் சுவரில் வியங்கோளில் எழுதப்படுகின்றன. யாரை விளிக்கிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நிர்வாகத்தின் கடமைகளோ எழுவாய் தொலைந்த செயப்பாட்டு வினையில் எழுதப்படுகின்றன. ஆங்கில மூலத்தில் இவ்விரண்டுக்கும் இடையே இத்தனை தொலைவு இல்லை. தமிழாக்கம் அத்தொலைவைப் புதிதாகப் படைக்கிறது. ‘கம்பெனி உங்களுக்குச் சட்டப்படியான சம்பளத்திற்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்’ என்னும் தொடர் எழுவாயையும் பெறுபவரையும் மீட்கிறது. அது மூலத்தின் வடிவத்தை இழக்கிறது, விதியைக் காப்பாற்றுகிறது.

நாம், நாங்கள், நீ

நிறுவனங்கள் தம் பெயரில் வெளியிடும் கொள்கை அறிக்கைகளில் ஆங்கிலத் தன்மைப் பன்மை அடிக்கடி வரும். அதனைத் தமிழாக்குவோர் நாம், நாங்கள் என்னும் இரண்டனுள் ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். இந்தோனேசிய மொழிபெயர்ப்பாளருக்கும் இதே நெருக்கடி உண்டு: கேட்பவரை உளப்படுத்தும் ‘கிதா’, விலக்கும் ‘காமி’. மேற்கு ஜாவாவின் ஆடைத் தொழிலகங்களும் திருப்பூர் அனுப்பும் அதே அயல்நாட்டுச் சந்தைகளுக்கே அனுப்புகின்றன. ஆதலால் ஒரே ஆங்கிலத் தொடரை இவ்விரு மொழியாரும் தத்தம் மேசையில் வைத்துத் தயங்கும் வாய்ப்பு உண்மையானது.

‘நாம் அனைவரையும் மதிக்கிறோம்’ என்று எழுதினால் தொழிலாளியும் அவ்வுறுதியை அளிப்பவராகிறார். மீறல் நேர்ந்தால் கேட்பதற்கு எதிரே ஒருவரும் இரார். ‘நாங்கள்’ என்றால் பொறுப்பு நிர்வாகத்தினுடையதாகிறது. ஆனால் தொழிலாளி வெளியாளாகிறார். குடும்ப உணர்வை வளர்க்க விரும்பும் நிர்வாகம் ‘நாம்’ என்பதையே விரும்பும். கடமை பற்றிய தொடர்களில் ‘நாங்கள்’ என்பதே பொருந்தும் நிகரன். பாதுகாப்புப் பயிற்சி, தீத்தடுப்பு போன்றவற்றில் ‘நாம்’ பொருந்தலாம். ஒரே பனுவலில் ஒரே ஆங்கிலச் சொல் இருவகையாகப் பெயர்க்கப்படுவதைக் குறையெனக் கருத வேண்டியதில்லை.

முன்னிலையில் சிக்கல் இன்னும் கூர்மையானது. ஒன்பதாம் விதி, உடல்வழித் துன்புறுத்தலோடு சொல்வழி இழிவையும் விலக்குகிறது. அதற்கு ‘வசைமொழி’, ‘தகாத வார்த்தை’ என்னும் நிகரன்கள் கிடைக்கின்றன. ஆனால் தமிழில் ஒரு தகாத வார்த்தையும் இன்றியே ஒருவரை இழிவுபடுத்த இயலும். ‘வா’, ‘போ’ போதும். ‘ஒருமையில் பேசினார்’ என்பது தமிழ்நாட்டில் ஒரு முழுமையான குற்றச்சாட்டு. அதிலும் ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்று சிறுவரிடமும் ‘ங்க’ சேர்த்துப் பேசும் கொங்கு வட்டாரத்தில், வயதில் மூத்த பெண் தொழிலாளியை மேற்பார்வையாளர் ஒருமையில் அழைப்பதன் சுமை சொல்லி விளங்க வேண்டியதன்று. அவ்வொருமையின் பின்னே சாதியும் பாலும் பல நேரங்களில் நிற்கின்றன. இக்கால ஆங்கிலத்தில் இக்கூறு இல்லை. ஆகவே மூலத்திலும் இல்லை. இந்தோனேசிய மொழியில் உண்டு. ‘காமு’ என்பதன் தாழ்வையும் ‘பாப்பா’, ‘இபு’ என்னும் உறவுப்பெயர்களின் படிநிலையையும் தவிர்க்கவே 1950களில் ‘அந்தா’ என்னும் நடுநிலை முன்னிலை புகுத்தப்பட்டது.

‘ஒருமையில் விளிப்பதும் சொல்வழி இழிவே’ என்னும் தொடரைத் தமிழ்ப் பனுவல் சேர்த்துக்கொள்ளலாமா? அது மொழிபெயர்ப்பன்று, விரித்தல் என்று கண்டிப்பானவர் கூறக்கூடும். வழிநூலின் வகைகளைச் சொல்லும் தொல்காப்பிய மரபியலும் விரித்தலையும் மொழிபெயர்த்தலையும் வேறாகவே எண்ணுகிறது. ஆனால் மோனா பேக்கர் 1992இல் சொல், தொடர், இலக்கணம், பனுவல் ஆகிய நிலைகளைக் கடந்து பயன்வழி நிகர்மையை வைத்ததன் பொருள் இதுவே. மூலம் எதைத் தடுக்க முயல்கிறதோ அதைப் பெறுமொழியில் பெயர் சொல்லித் தடுக்காவிடில், சொற்கள் அனைத்தும் வந்து சேர்ந்தும் விதி வந்து சேரவில்லை.

இவ்வகைப் பனுவல்களின் தரத்தைச் சோதிக்க மீள்மொழிபெயர்ப்பு என்னும் முறை பரிந்துரைக்கப்படுவதுண்டு. தமிழாக்கத்தை இன்னொருவர் மீண்டும் ஆங்கிலமாக்க, அது மூலத்தோடு ஒப்பிடப்படும். ‘வாழ்வூதியம் வழங்கப்படும்’ இச்சோதனையில் எளிதாகத் தேறும். ஒருமை பற்றிய தொடர் மூலத்தில் இல்லாததாகத் தெரிந்து சிவப்புக் கோடு பெறும். சோதனையின் அமைப்பே வலுவற்ற மொழிபெயர்ப்புக்குச் சாதகமானது.

கட்டாயமும் உழைப்பும்

நெறித்தொகுப்பின் முதல் விதி வேலை தன்விருப்பில் தேர்ந்தெடுக்கப்படுவதைப் பற்றியது. இதனை ‘வேலை சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், தேர்ந்தெடுப்பவர் யார் என்னும் வினா எழுகிறது. கொங்குப் பகுதி நூற்பாலைகளைப் பொறுத்தவரை அது வெறும் இலக்கண வினா அன்று. வெளிமாவட்டச் சிற்றூர்களிலிருந்து இளம்பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிகளில் தங்கி வேலை செய்ய, ஒப்பந்த முடிவில் மொத்தத் தொகை தரப்படும் முறை ‘சுமங்கலித் திட்டம்’ எனப் பெயர்பெற்றது. தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் தந்தை அல்லது தரகர்.

2011இல் ‘கேப்ச்சர்ட் பை காட்டன்’ என்னும் தலைப்பில் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த அறிக்கை இம்முறையை உலகறியச் செய்தது. இத்தகைய ஆங்கில அறிக்கைகளில் சுமங்கலி மொழிபெயர்க்கப்படாமல் ஒலிபெயர்ப்பாக நின்று, கொடுமையின் பெயராகிவிட்டது. தமிழிலோ அது வாழ்த்துச் சொல். ஒரு மங்கலச் சொல்லால் பெயரிடப்பட்ட ஏற்பாட்டைக் ‘கொத்தடிமை முறை’ என்று மீண்டும் தமிழில் பெயர்த்துச் சொன்னால், மகளை அனுப்பிய பெற்றோர் அதைத் தம்மைப் பற்றிய பேச்சாக ஏற்கமாட்டார். கொத்தடிமை என்றதும் நினைவுக்கு வருவது முன்பணக் கடனில் சிக்கிய செங்கற்சூளையும் அரிசி ஆலையும். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ்ப் பெயர் அவ்வுருவத்தை மேலும் உறுதிப்படுத்தியுள்ளது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு 29ஆம் ஒப்பந்தம், கட்டாய உழைப்புக்கு இரு கூறுகளைச் சொல்கிறது: ஏதேனும் ‘பெனால்டி’ பற்றிய அச்சுறுத்தல், தன்விருப்பின்மை. முதலாவதைத் ‘தண்டனை’ என்று பெயர்த்தால் அடியும் சிறையும் மட்டுமே தோன்றும். உரிமையையோ சலுகையையோ இழப்பதும் அதனுள் அடங்கும் என்பது அவ்வமைப்பின் விளக்கம். இரண்டரை ஆண்டு வேலை செய்தபின் விலகும் பெண் மொத்தத் தொகையை இழப்பாரெனில், அவருக்குத் தண்டனை இல்லை, இழப்பு உண்டு. ‘பாதியில் நின்றால் பணம் கிடைக்காது’ என்பதே அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆலை விடுதியில் விளங்கும் தமிழ்.

இந்தியச் சட்டம் இன்னும் அகலமான பொருளைத் தருகிறது. அரசமைப்பின் 23ஆம் உறுப்பு ‘பேகார்’ என்னும் சொல்லை ஆங்கிலப் பனுவலிலேயே மொழிபெயர்க்காமல் வைத்துள்ளது. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்ச ஊதியத்திற்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் அவ்வுறுப்பு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றது; வறுமையின் நெருக்கடியும் கட்டாயமே எனக் கொண்டது. பேகாருக்குத் தமிழில் ஒருகாலத்தில் நேர் நிகரன் இருந்தது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ ஊதியமின்றிக் கட்டாயமாகச் செய்யும் வேலையைக் குறித்தது. இன்று ‘வெட்டிவேலை’ என்றால் பயனற்ற வேலை. பிறரால் சுரண்டப்பட்டவரைக் குறித்த சொல் வேலையற்றவரை ஏசும் சொல்லாகிவிட்டது.

‘கட்டாய உழைப்பு’ என்னும் தொடரில் அடைமொழியைப் போலவே பெயரும் சிக்கலுடையது. ஷரத் சாரி திருப்பூரைப் பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வுநூல் இதனை எதிர்த்திசையிலிருந்து காட்டுகிறது. உழவர் பின்னணியிலிருந்து வந்த கொங்கு வேளாளக் கம்பெனி உரிமையாளர்கள் தம் உயர்வுக்குக் காரணமாக ‘உழைப்பு’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வதை அவர் கவனித்தார். அதனை ஆங்கிலத்தில் ‘லேபர்’ என்று எழுதாமல் ‘டாயில்’ என்று பெயர்த்தார். அத்தெரிவே அந்நூலின் வாதத்தைத் தாங்குகிறது: உழைப்பு இங்கு உடைமையாளரின் தகுதிச்சான்று. அவ்வாறிருக்க, ‘கட்டாய உழைப்பு’, ‘குழந்தை உழைப்பு’ என்னும் தொடர்கள் இவ்வட்டாரத்தில் பாதி வலுவை இழந்தே ஒலிக்கின்றன. ‘சிறு வயதிலிருந்தே உழைத்தவர்’ என்பது இங்குப் பாராட்டு. ‘வேலை வாங்குதல்’ என்னும் வினையோ வாங்குபவரை உடனே கண்முன் நிறுத்தும். ‘கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது’ என்பது கலைச்சொல்லாகத் தோன்றாது, விதியாகத் தோன்றும்.

ஒன்றரை ஷிப்டும் பவர்டேபிளும்

ஆங்கிலத்திலிருந்து கடன்பெற்ற சொல் தமிழில் இருப்பதாலேயே நிகர்மை கிட்டிவிடாது. திருப்பூரில் ‘ஷிப்ட்’ என்பது பணிமுறையை மட்டும் குறிப்பதில்லை. சம்பளத்தின் அலகும் அதுவே. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் என்பது கணக்கில் இயல்பான நாள். தொழிற்சாலைகள் சட்டம் நாளுக்கு ஒன்பது மணி, வாரத்திற்கு 48 மணி என்னும் வரம்புக்கு மேற்பட்ட நேரத்திற்கு இரட்டிப்பு விகிதம் தர வேண்டும் என்றது. இ.டி.ஐ. நெறித்தொகுப்பு மிகைநேரம் தொழிலாளியின் விருப்பத்திற்குட்பட்டது என்றும், பொதுவாக மொத்தம் வாரத்திற்கு 60 மணியைத் தாண்டலாகாது என்றும் கூறுகிறது. ‘மிகைநேரப் பணி தன்விருப்பிற்குரியது’ என்று எழுதப்பட்ட தொடரை ஒன்றரை ஷிப்ட் வழக்கில் வாழும் ஒருவர் எதனோடு பொருத்துவார்? அவர் பார்ப்பது மிகைநேரமன்று, அரை ஷிப்ட். அரை ஷிப்டுக்கு அரைச் சம்பளம் என்பது கணக்குப்படி சரியாகவே தோன்றும். இரட்டிப்பு என்னும் உரிமை அக்கணக்கில் காணாமற்போகிறது. ‘எட்டு மணி நேரத்திற்குமேல் நிற்கும் அரை ஷிப்ட்’ என்று விதியிலேயே எழுதினாலன்றி அது கண்ணிற் படாது.

‘பவர்டேபிள்’ இதனினும் விந்தையானது. மோட்டாரால் இயங்கும் தையல் எந்திரங்களை வரிசையாகப் பொருத்திய மேசையின் பெயர், வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் சிறு நிறுவனத்தின் பெயராகிவிட்டது. அவற்றின் உரிமையாளருக்குச் சங்கமும் உண்டு. இருசொல்லும் ஆங்கிலம், இப்பொருளை ஆங்கிலேயர் அறியார். நெறித்தொகுப்பின் எட்டாம் விதி, நிலையான வேலைக்குரிய கடமைகளைத் துணை ஒப்பந்தத்தின் வழியே தட்டிக்கழிப்பதைத் தடுக்கிறது. ‘துணை ஒப்பந்ததாரர்’ என்னும் தமிழைப் படிக்கும் தொழிலாளி, தாம் வேலை செய்யும் பவர்டேபிளை அதனோடு இணைத்துக் காண்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. பத்துப் பேருக்கும் குறைவாக இருந்து சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கும் கூடங்களுக்கு அச்சுவரொட்டியே வந்து சேர்வதில்லை என்பது வேறு கதை.

இதுவரை கூறியவை தமிழறிந்த தொழிலாளியை முன்னிறுத்தியவை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் இன்று பல்லடத்தின் தறிக்கூடங்களிலும் திருப்பூரின் தையல் வரிசைகளிலும் பெருந்தொகையினர். 108ஆம் பிரிவு சொன்ன ‘பெரும்பான்மையோர் புரிந்துகொள்ளும் மொழி’ ஒரு தொழிலகத்தில் இந்தியாகவும் அடுத்ததில் ஒடியாவாகவும் இருக்கக்கூடும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து இந்திக்கும் எனப் பெயர்ப்பு நீளும் இடங்களில், ‘வழங்கப்படும்’ என்பதில் கரைந்த எழுவாய் மூன்றாம் மொழியிலும் கரைந்தே செல்லும். வந்தவர்கள் இங்கே முதலில் கற்கும் தமிழ் சுவரில் உள்ளதன்று. சம்பளம், ஷிப்ட், பீஸ் ரேட், லீவு, செக்கிங் ஆகிய சொற்களும், தம்மை நோக்கி வீசப்படும் ஒருமை வினைகளுமே அவர்களுடைய முதல் தமிழ்ப் பாடம். அவ்வொருமையை ஒருமையென்று உணர அவர்களுக்குச் சில மாதம் ஆகிறது.